நாற்பத்தொன்றாம் ஆணி

மூன்றரை மணிச் சுற்றுக்குப் பதினோரு பேர்.
தலைக்கவசம் மாட்டி, பேட்டரியை இடுப்பில் கட்டி,
பலகையிலிருந்து ஆளுக்கொரு பித்தளை வில்லை எடுத்துக் கொடுத்தேன்.
ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும்.
ஆணி வெறுமையாக இருந்தால்
ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம்.
சிரித்தார்கள்.
எல்லாச் சுற்றிலும் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

வெளியே நாற்பத்து மூன்று டிகிரி.
ஊரில் ஈக்கள் மட்டும்தான் வேலைக்கு வந்திருந்தன.
படி இறங்க இறங்கக்
கணுக்காலில் பிடித்த குளிர்
முழங்கால், இடுப்பு என்று
ஆற்றில் இறங்குவதுபோல் ஏறியது.

முதல் தளத்துத் தூண்களைத் தொடச் சொன்னேன்.
கடல் தாண்டி வந்த பைன்.
மரமே இல்லாத ஊருக்கு ஒரு காடு வந்து
நேராக மண்ணுக்குள் போய்விட்டது.
இரும்பு சொல்லாமல் ஒடியும்,
மரம் முனகிவிட்டுத்தான் ஒடியும்.
அந்த முனகலுக்கும் வாசலுக்கும் நடுவே
எத்தனை எட்டு என்பதுதான்
இங்கே வேலை செய்தவனின் ஆயுள்.

அந்தத் துளைபோடும் எந்திரத்துக்கு
ஆண்கள் வைத்த பெயர் கைம்பெண்ணாக்கி.
பெண்களை யாரும் கேட்கவில்லை.
தூள் நெஞ்சுக்குள் குடியேறும்,
பத்து வருஷம் கழித்து
வீட்டுக்காரனையே காலி செய்யச் சொல்லும்.

அம்மாவைப் பற்றி நான் சுற்றில் சொல்வதில்லை.
மெர்ல் பாஸ்கோ, கூலிக் கணக்கு அலுவலகம், இருபத்தாறு வருஷம்.
யார் எத்தனை அடி வெட்டினான்,
யாருக்கு எவ்வளவு பிடித்தம்,
எந்த விரலுக்கு என்ன இழப்பீடு,
எல்லாம் அவள் கையெழுத்து.
பெண் இறங்கினால் ஆகாது என்றார்கள்.
அவள் இறங்கவில்லை.

கடைசித் தளத்தில் விளக்கணைக்கச் சொன்னேன்.
முகத்துக்கு முன்னால் கையை ஆட்டுங்கள்,
தெரிவதுபோல் இருக்கும்.
அது கண் பார்த்ததல்ல, மூளை கட்டிய கதை.
ஒருவர் கைக்கடிகாரம் மட்டும்
பச்சையாக மினுங்கியது.
வெட்கப்பட்டுச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார்.

மேலே வந்தோம். வெயில் அறைந்தது.
பதினோரு தலை எண்ணினேன்.
கார்கள் செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.
பலகையில் பத்து வில்லை.

"போய்ட்டான் நெரிடா" என்றான் டிக்கெட் அறையில் கெல்வின்.
"நீயே பாத்தியே. பூட்டு, போகலாம்."
பார்த்தேன்தான்.
ஆனால் பலகை பார்க்கவில்லையே.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
பெயர் தெரியாது. எண்ணைத்தான் கூப்பிட்டேன்.
நாற்பத்தொன்று!
மூன்று சுரங்கவழிகளும்
ஒன்றன்பின் ஒன்றாக அதையே சொல்லின,
கடைசி வழி கொஞ்சம் தாமதமாக,
யோசித்துவிட்டுச் சொன்னதுபோல்.
கடைசித் தளத்தில், ஏன் என்று தெரியவில்லை,
டார்ச்சை அணைத்தேன்.
கையை ஆட்டவில்லை.
எங்கோ ஒரு தூண் லேசாக நெளிந்தது.
முனகல் இல்லை.
சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொள்ளும் சத்தம்.

ஏறி வந்தபோது
கலா கிளிகள் தண்ணீர்த் தொட்டிமேல் சண்டையிட்டுக்கொண்டிருந்தன.
வாசலில் ஒரு வெள்ளைக் கார்.
பச்சைக் கடிகாரக்காரர் கையை விரித்தார், பித்தளை.
"அறுபது கிலோமீட்டர் போய்
பெட்ரோல் போட்டுட்டுச் சில்லறைன்னு இதை நீட்டிட்டேங்க."
தபாலில் அனுப்பியிருக்கலாமே என்றேன்.
"அது வந்து சேர்ற வரைக்கும்
நான் உள்ளயே இருக்கணுமே."

அவரே மாட்டினார்.
ஆணியில் பித்தளை இரண்டு முறை ஆடி நின்றது.

பூட்டும்போதுதான் கவனித்தேன்,
மேல் வரிசை ஓரத்தில் என் வில்லை
காலையிலிருந்து வெயிலில் சூடேறித்
தொங்கிக்கொண்டிருந்தது.
தேடப் போன அவசரத்தில் எடுக்க மறந்திருக்கிறேன்.
பலகையைக் கேட்டால்
நானும் இறங்கவில்லை.