தகவலாளி 14

ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பிப் போனேன்.
கூரையில் கோழிக்கூண்டு, நடைபாதையில் என் பெட்டி,
சோளமூட்டைமேல் நான்.
அந்த மலைப்பாதையில் பஸ் அப்படித்தான் ஏறும்.
பெட்டிக்குள் பன்னிரண்டு பிரதிகள்,
ஸ்பானிஷில் வந்திருந்த என் முதல் புத்தகம்.

பெத்ரோனா ஷிலோ கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.
வெங்காயம் நிறுப்பவள் மாதிரி கனம் பார்த்தாள்.
"இதில் நான் எங்கே இருக்கிறேன்?"

எண்பத்தேழாம் பக்கம். விரல் வைத்துக் காட்டினேன்.
கிச்சே மொழியில் சொல்லச் சொல்ல
என் குரல் இறங்கிக்கொண்டே போனது:
தகவலாளி 14. பெண். வயது சுமார் முப்பத்தொன்று.
எழுதப் படிக்கத் தெரியாதவர். குழந்தைகள் ஐந்து.

"ஆறு" என்றாள்.
அடுப்பில் சோள அடைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.
"மத்தேயா பதினேழு நாள் இருந்தாள்.
அன்றைக்கும் உன்னிடம் சொன்னேன்.
உன் தலை ஆடியது. பென்சில் ஆடவில்லை."

பெயரை மறைத்ததற்கு என்னிடம் காரணம் இருந்தது.
ராணுவ லாரிகள் பட்டியலோடு வந்த காலம்.
ஒரு வீட்டைக் கொளுத்த ஒரு பெயர் போதும்.
சொன்னேன்.
"அது சரி" என்றாள். நிஜமாகவே ஒப்புக்கொண்டுதான் சொன்னாள்.
"செத்த குழந்தையை எந்த லாரி தேடி வந்தது?"

அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன் என்றேன்.
பதிப்பு என்றால் என்ன, எப்போது வரும், யார் கையில் இருக்கிறது,
ஒவ்வொன்றாய்க் கேட்டாள்.
பிறகு: "பேனாவைக் கொடு.
இரு, வேண்டாம்.
முதலில் அதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் கொண்டுவா."

*

உப்புக்கடைக்குப் பின்னால் ஓர் அறை.
ஒன்பது பெண்கள், முதுகில் மடியில் பிள்ளைகள்.
வகுப்பு நான் எடுக்கவில்லை. என் உச்சரிப்புக்கு ஊரே சிரிக்கும்.
தொத்தோனிகாபானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தாள்
இர்மா பாட்ஸ், அவர்கள் மொழிக்காரி.
அவளுக்குச் சம்பளம் தேடுவது, மண்ணெண்ணெய் வாங்குவது,
ரசீதுகளை டப்பாவில் போடுவது என் வேலை.
மாதக் கடைசியில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவார்கள்.
கூட்டல் வந்த வாரமே கேட்டார்கள்,
எங்களை எழுதி நீ எவ்வளவு சம்பாதித்தாய்?
சொன்னேன்.
"இவ்வளவுதானா!" என்று தோமாசா வருத்தப்பட்டாள்,
எனக்காக.

யாரோ ஒருத்தியின் கணவன் அறையைப் பூட்டினான்.
இரண்டு வாரம் மாதா கோவில் படியில் பாடம்,
மழை வந்தால் எழுந்து, விட்டால் உட்கார்ந்து.

படிப்புதவிக்கு நான் ஒரு சின்னப்பெண்ணைச் சொன்னேன்,
கண்ணில் ஒளி உள்ளவள்
(ஆம், குறிப்பேட்டில் அப்படியேதான் எழுதியிருக்கிறேன்).
அவர்கள் கைதூக்கித் தேர்ந்தது பிரிமித்திவாவை.
முப்பத்தாறு வயது. பேறுகாலச் செவிலிப் படிப்பு.
"கண்ணொளி ஒரு வருஷம் காத்திருக்கும்.
இடுப்புவலி காத்திருக்குமா?"
என் கையும் தூக்கித்தான் இருந்தது. யாரும் எண்ணவில்லை.

*

இரண்டு மழைக்காலம் பிடித்தது பெத்ரோனாவுக்கு.
ஒரு மத்தியானம் எண்பத்தேழாம் பக்கத்தை விரித்தாள்.
ஐந்தை அடித்தாள். ஆறு.
'தெரியாதவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.
அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.
"அன்றைக்கு அது உண்மை" என்று தாண்டிப் போனாள்.

ஓரத்து வெள்ளையில், சாய்ந்த எழுத்தில்,
முதலெழுத்தை இரண்டு தடவை போட்டு, ஒன்றைக் கிறுக்கி:
மத்தேயா ஷிலோ. பதினேழு நாள்.

மை உலர ஊதினாள்.
பெட்டிப் பக்கம் கையை நீட்டினாள்.
"இன்னும் பதினொன்று இருக்கிறதே, எடு."