நூற்றுக்கு எத்தனை

தாம்பெரேயில் மைனஸ் பத்தொன்பது. ஹீட்டர் பழுது.
பிர்க்கோ விமர்சனம் எழுதுகிறாள்
கேம் கம்பெனி அனுப்பிய கோட்டை மாட்டிக்கொண்டு.
மார்பில் அவர்களுடைய ஓநாய்.

மூன்றாம் அத்தியாயத்தில் குதிரை
பாலத்துக்குள் புதைகிறது, நான்கு முறை.
ஆனால் அந்தப் புல்!
காற்று திரும்பினால் நிறம் மாறுகிற புல்.
வரைந்தவன் யோவுனி, மேல்மாடிக்காரன்.
சராசரி எண்பத்தைந்தைத் தொட்டால்தான்
அவனுக்கு போனஸ்.
லிஃப்டில் அவன் அதைச் சொல்லவில்லை.
அவன் மகள்தான் சொன்னாள்,
புது ஸ்கேட் வரப்போகிறதாம்.

எழுபத்தெட்டு என்று அடித்தாள்.
அழித்தாள்.
எண்பத்தைந்து.
ஓநாய் சும்மா இருந்தது.

கோட்டைக் கழற்றினாள்.
குளிர் வந்து உட்கார்ந்தது
விரலுக்கு விரல்.

எழுபத்தெட்டு.
கீழே ஒரு குறிப்பு:
கோட்டு இலவசம், நல்ல கதகதப்பு.
புல்லை வரைந்தவரை எனக்குத் தெரியும்.

நாளையிலிருந்து
லிஃப்ட் வேண்டாம்,
படி.