உடம்படுமெய்

எழுத்துக்குப் பதினெட்டு ஃப்ராங்க்.
சிலுவைக்குத் தனி விலை.
கூர் நகரில் ரயில் பணிமனைக்குப் பின்னால்
கல்லறைக் கல் செதுக்கும் எல்வேத்சியோ
விலைப்பட்டியலை ஜெர்மனில் ஒட்டியிருக்கிறான்.
உளி வழுக்கினால் இத்தாலியனில் திட்டுகிறான்.

நேசா வந்தபோது மழை.
குடையை மடக்காமலே நின்றாள்.
போனவன் பெயர் பிளாசி.
மேற்குப் பள்ளத்தாக்குக்காரன், கத்தோலிக்கன்.
இவள் கிழக்குக் கோடி, சீர்திருத்தச் சபை.
இருவரும் பேசியது ரோமான்ஷ் என்று
சூரிச்சில் இருப்பவர்கள் சொல்வார்கள்.
அந்த வீட்டுக்குள் அப்படி யாரும் சொன்னதில்லை.

‘நான்’ என்பதற்கு அவன் யெவு என்பான்.
அவள் எவு என்பாள்.
ஒரே ஒரு யகரம்.
இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்று முட்டும்போது
நடுவில் புகுந்து சேர்த்து வைக்குமே,
நம் இலக்கணத்தில் அதற்கு உடம்படுமெய் என்று பெயர்.
அங்கே அது
நாற்பத்தோரு வருடம் காலைக் காப்பியில் கிடந்த முள்.
“அந்த ய எதற்கு, தொண்டையில் சளியா?”
“உன் ஊரில் அதைக் கழுதை தின்றுவிட்டது.”

அவன் அம்மா புனித வெள்ளியன்று
வேண்டுமென்றே வயலில் எரு கொட்டியவள்,
பக்கத்து ஊர்ச் சீர்திருத்தக்காரர் மூக்கைப் பிடிக்கட்டும் என்று.
இவள் வீட்டிலோ
கத்தோலிக்கரின் நற்கருணைப் பவனி நாளில்
உள்ளாடைவரை துவைத்துக் கொடியில் போடுவார்கள்.
அப்படியொரு சம்பந்தம்.
திருமணத்துக்கு வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர்,
அதில் ஒருவர் அக்கார்டியன் வாசிக்க வந்தவர்.

சூப் ஆறும். அவன் சிலுவை போட்டுக்கொள்வான்.
அவள் போடமாட்டாள்.
ஆனால் அவன் கை நெற்றியிலிருந்து இறங்கித்
தோள்களைத் தொட்டு மேசைக்கு வரும்வரை
கரண்டியைத் தூக்கமாட்டாள்.
இதைப்பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

பிள்ளைகள் இருவர்.
மகள் செராய்னா லோசானில், பிரெஞ்சில் கனவு காண்கிறாள்.
மகன் கூர்தின் வின்டர்தூரில்,
ஜெர்மனில் மின்னஞ்சல் அனுப்பினான்:
‘எளிமையாக இருக்கட்டும். பெயர், இரண்டு ஆண்டுகள், போதும்.’

கல் ஆண்டேர் சுரங்கத்துப் பச்சைக் கல்.
அந்த ஊர்ப் பழைய பேச்சில்
‘நான்’ என்பதற்கு மூன்றாவதாக ஒரு சொல் உண்டு என்று
எல்வேத்சியோவுக்குத் தெரியும்.
சொல்லவில்லை. இருக்கிற இரண்டே போதும்.

“என்ன எழுத?”
“யெவு இங்கே இருக்கிறேன் என்று எழுது.
அவன் மொழியில். அந்த ய-வோடு.”

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த
பயிற்சிக்காரி ஃபிதோரே நிமிர்ந்து பார்த்தாள்.
அவள் வீட்டில் அல்பேனியன்.
அவள் மாமாவை விமானத்தில் அனுப்பிக் கொசோவோவில் புதைத்தார்கள்,
மெக்கா பார்த்துப் படுக்க இங்கே ஆறடி கிடைக்காமல்.
“தப்பில்லாமல் எழுதித் தாருங்கள்” என்று
தாளை நீட்டினாள், அவ்வளவுதான்.

நேசா எழுதினாள். ய-வில் பேனா கொஞ்சம் தடுக்கியது.
அடித்து, மறுபடி எழுதினாள்.

“கீழே இடம் விடு. எனக்கு.
என்னுடையதில் அந்த எழுத்து கிடையாது,
பதினெட்டு ஃப்ராங்க் மிச்சம்.”

“சிலுவை?”
“போடு. அவன் பாதியில் மட்டும்.”
“அவன் பாதி எதுவரை?”

ஈரக் கையைக் கல்லின்மேல் குறுக்கே வைத்தாள்,
ரொட்டி வெட்டும் கத்திபோல.
பார்த்தாள்.
பிறகு ஒரு கட்டைவிரல் அகலம்
தன் பக்கமாக நகர்த்தினாள்.

ரசீதை ஜெர்மனில் எழுதினான்.
கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழி அது.
கல்லில் கை பட்ட ஈரம் காய்வதற்குள்
ஃபிதோரே பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுவிட்டாள்.