ஏழாம் பிக்சல்

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஆனி பிறந்தால் காற்றுக்குக் கிறுக்குப் பிடிக்கும்.
காற்றாலைகள் சுற்றும் அதிர்வு
தரையேறி, மேசையேறி
எங்கள் வரைபடத்தில் ஒரு புடைப்பாய் வந்து உட்காரும்.
மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தோம்.
கடைசியில் நாலு ஸ்கூட்டர் டியூபை ஊதி
அதன்மேல் வைத்தோம் குளிர்கலனை.

வேலை இவ்வளவுதான்:
காலியம் கலந்த ஜெர்மானியம், ஒரு கல்லுப்பு அளவு.
திருகாணி வைத்து இறுக்கினால்
இன்னும் நீண்ட அலைகளைப் பார்க்கும்.
நெரிக்க நெரிக்க எட்டிப் பார்க்கிற கண்.
கால் சுற்று கூடினால் போச்சு.
ஐந்து உடைந்தன. ஒன்று என் கையால்.

முந்தைய வடிவம் குடத்தளவு இருந்தது.
செயற்கைக்கோளில் எங்களுக்கு ஒதுக்கிய இடமோ
ஒரு டிபன் பாக்ஸ்.

ஹீலியம் திருவனந்தபுரத்திலிருந்து லாரியில் வரும்.
களியக்காவிளையில் மறித்து
உள்ளே என்ன என்பார்கள்.
"குளிரு" என்பார் ஓட்டுநர் சுயம்புலிங்கம்.
அவர்கள் நம்பும்வரை
அது ஆவியாகிக்கொண்டிருக்கும்.

தனிப்பூஜ்யத்துக்கு மேல் இரண்டே டிகிரி.
பதினாறு பிக்சலில் பதினைந்து அடங்கிவிட்டன.
ஏழாவது மட்டும் முணுமுணுத்தது.
மூன்று நாள்
மின்சுற்றைச் சந்தேகித்தோம், பற்றவைப்பை,
ஒருவரை ஒருவர்.
நாலாம் நாள் டெல்பின் குனிந்து
கேபிள் நுழையும் இடத்தைப் பார்த்தாள்.
எண் ஏறியது.
நிமிர்ந்தாள். இறங்கியது.
"திரும்பக் குனி."
ஏறியது.

ஊசிமுனை ஓட்டை.
விண்மீன் பிறக்கும் தூசியைப் பார்க்கச் செய்த பொருள்
அதன்வழியே அவள் நெற்றியைப்
பார்த்துக்கொண்டிருந்தது.
அன்று அவளுக்குக் காய்ச்சல் வேறு.

விளக்கை அணைத்தால் நமக்கு இருட்டு.
அதற்குச் சுவர் எரிகிறது,
மேசை எரிகிறது,
டீ கொண்டுவரும் ஜெபமணி
தூக்குவாளியோடு எரிந்தபடி வருகிறார்.

நோட்டில் 'ஒளிமூலம்' என்ற கட்டத்தில்
விளையாட்டாய் 'டெல்பின்' என்று எழுதினேன்.
அலுமினிய நாடா ஒட்டிக் கரும்பூச்சு பூசி
மறுபடி குளிரவைத்தோம்.
விடிகாலை மூன்றேகாலுக்கு
ஏழாவதும் அணைந்தது.
ஒன்றுமே தெரியாத திரையைப் பார்த்து
நாலு பேர் கைதட்டினோம்.

ஆவணியில் பெங்களூரிலிருந்து ஆய்வுக்குழு வந்தது.
கண்ணாடிக்காரர் ஒருவர் நோட்டைப் புரட்டினார்:
"டெல்பின்... இது எந்த அட்டவணையில் உள்ள விண்மீன்?"

"பள்ளம்துறை, சார்" என்றாள் அவள்.

நான் தலை நிமிராமல்
திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரண்டு குறைந்தது.