நாலெழுத்து தெரிந்தவள்

விடிந்தால் புதுப் புதிர்.
ஐந்து கட்டம், ஆறு வரி, ஒரு இங்கிலீஷ் வார்த்தை.
எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை.
எழுத்து உண்டு, இடம் தப்பென்றால் மஞ்சள்.
இல்லவே இல்லையென்றால் சாம்பல்.

அருட்சோதிக்கும் எனக்கும்
இப்போது பேச்சு அவ்வளவுதான்.
சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து
அவன் தன் கட்டங்களை அனுப்புவான்,
எழுத்தில்லாமல், நிறம் மட்டும்.
திருப்பாப்புலியூரில் மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு
நான் என்னுடையதை அனுப்புவேன்.
நலமா கிடையாது. சாப்பிட்டாயா கிடையாது.
பீரோ யாருக்கு, கிரைண்டர் யாருக்கு என்பதை
வக்கீல்கள் பேசிக்கொள்கிறார்கள்.

ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு
ஒருவர் கல்லோடு கரையேறிய ஊர் இது.
இன்றைக்கும் ஒரு குப்பத்துக்கு அதுதான் பேர்.
எனக்கு வாய்த்த ஐந்தெழுத்து
தினம் மாறுகிறது.
எதைப் பிடித்து மிதப்பது?

கடையில் நான்தான் கெட்டி.
டாக்டர் கிறுக்கியதில்
முதலில் ஒரு கொம்பு, கடைசியில் ஒரு வால்,
நடுவில் எறும்பு ஊர்ந்த தடம்.
வந்தவர் வயிற்றைப் பிடித்திருந்தால்
பாதி விடை கிடைத்துவிடும்.

அந்தத் திமிரில் எப்போதும்
சிரப் என்றுதான் தொடங்குவேன்.
எஸ், ஒய், ஆர், யூ, பி.
உயிரெழுத்து உருப்படியாக இல்லாத வார்த்தை,
அதில் தொடங்கினால் நஷ்டம் என்று
பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவன் சொன்னான்.
அதனாலேயே விடவில்லை.

இன்றைக்கு வாய்தா.
மஞ்சக்குப்பம் கோர்ட், எதிரெதிர் பெஞ்சு.
தூங்காமல் வந்திருந்தான்,
சட்டையில் கம்பெனி வாடை இருக்கும்,
இவ்வளவு தூரம் வராது.
சிரப் போட்டேன். ஆர் மட்டும் மஞ்சள்.
அடுத்து வாட்டர்.
டபிள்யூ சாம்பல்.
மிச்சம் நாலும் ஒரே வீச்சில் பச்சை:
ஏ, டி, ஈ, ஆர்.

நாலெழுத்து தெரிந்தால்
எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.
நாலெழுத்து தெரிகிறது.
தலையெழுத்துதான் தெரியவில்லை.

ஹெச் போட்டால் வெறுக்கிறவர். சாம்பல்.
சி போட்டால் பந்திக்குச் சமைத்துப் போடுகிறவர்.
எங்கள் கல்யாணத்தில் ரசம் தீர்ந்ததும்
அந்த ஆள் பின்வாசல் வழியாக ஓடினது
நடுக்கோர்ட்டில் ஞாபகம் வந்து
சிரிப்பை முந்தானையில் மறைத்தேன். சாம்பல்.
ஈ போட்டால் தின்கிறவர். அதுவும் இல்லை.
நாலு பேர் நின்ற இடத்தில் நிற்க
முன்னால் நிற்பவன் மட்டும் மாறி மாறி வந்து
குடிக்கிற தண்ணீரை வெறுப்பாக்கி,
வெறுப்பை விருந்தாக்கி,
வாயில் ஓசையையும் மாற்றிவிட்டுப் போகிறான்.

ஒரே ஒரு வரி மிச்சம்.

காலையில் அவன் அனுப்பியதைத் திரும்பப் பார்த்தேன்.
கடைசி நாலு வரியும்
சாம்பல், பச்சை, பச்சை, பச்சை, பச்சை.
ஆறிலும் முழுப் பச்சை இல்லை.
நான் கிடக்கிற பள்ளத்தில்
எனக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறான்.

டவாலி கூப்பிட்டார்:
தில்லைநாயகி, அருட்சோதி.
கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு
இரண்டு பேரும் ஒரே மூச்சில் வருவது இங்கேதான்.
ஐயா லீவு. பதினெட்டாம் தேதி வாங்க.
"லேட்டர் பாத்துக்கலாம்மா" என்று
என் வக்கீல் அடுத்த கட்டைப் பிரிக்கப் போனார்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.
தோற்றவருக்கு விடையைக் காட்டிவிடும்
இந்த விளையாட்டு.
அப்படியென்றால் காலையிலிருந்தே அவனுக்குத் தெரியும்.
தெரிந்துகொண்டே எதிர் பெஞ்சில் குனிந்து
நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கெடிலம் பாலத்தில் பஸ் நிற்கிறது.
முன்னால் கரும்பு லாரி.
ஒரு எழுத்துப் போட்டால் ஐந்தும் பச்சை.
போட்டால் அனுப்ப வேண்டும்.
அனுப்பினால்
அவன் தோற்ற இடத்தில் நான் ஜெயித்தது போல இருக்கும்.

ராத்திரி பன்னிரண்டு வரை நேரமிருக்கிறது.
கடையை மூடிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.