மூச்சைக் கீழே அனுப்புதல்

பெங்களூரா வந்து இறங்கும் மாதம்.
காவேரிப்பட்டணம் சாலையில் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று பிடித்து நிற்கும்.
உள்ளே, கூழ் கொதிக்கும் கொப்பரைக்குப் பத்தடி தள்ளி
பெல்ட்டின் ஓரம் என் இடம்.
அழுகல், அடிபட்டது, வண்டு துளைத்தது
பொறுக்கி நீல டப்பாவில் போடவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

அதற்குத்தான் கண்ணாடி.
ரவுண்டானா பக்கத்துக் கடையில்
தொள்ளாயிரத்து ஐம்பது, இரண்டு தவணை.
அதோடு மாஸ்க்.
வெளிநாடு போகும் சரக்காம்,
நம் எச்சில் அங்கே போகக்கூடாதாம்.

மாஸ்க்கைக் காதில் மாட்டிய மூன்றாவது மூச்சில்
பழம் மறைந்தது. பெல்ட் மறைந்தது.
எதிரே நின்ற சாக்கம்மா
வெள்ளைத் துணி போர்த்திய மூட்டையானாள்.
கொப்பரை ஆவி என்று நினைத்தேன்.
இல்லை, என்னுடையதுதான்.
விடிகாலை தின்ற களியின் சூடு
என் கண்ணையே கட்டியது.

சோப்பைத் தேய்த்துக் காயவிட்டுத் துடை என்றாள் சாக்கம்மா.
டீ நேரம் வரை தாங்கியது,
அப்புறம் வானவில் மட்டும் மிஞ்சியது.
மூக்குக் கம்பியை நெரித்தேன்,
மூக்குதான் சிவந்தது.
டிஷ்யூவை மடித்து உள்ளே வைத்தேன்,
ஒரு தும்மலில் அது நாக்குக்கு வந்தது.
ஜார்க்கண்டிலிருந்து வந்த பூல்மணி
என்னை ஓரமாக இழுத்து
பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து
மூக்கின் மேட்டில் குறுக்கே ஒட்டி
கண்ணாடியை அதன்மேல் இறக்கினாள்.
"பாரு" என்றாள்,
அவளிடம் இருந்த பத்துத் தமிழ்ச் சொல்லில் ஒன்று.

பார்த்தேன்.
காம்பில் காய்ந்த பால்கூடத் தெரிந்தது.

ஆனால் பதினொரு மணி வியர்வையில் பிளாஸ்திரி உரியும்.
மிச்சமிருந்தது மூச்சு ஒன்றுதான்.
மேலுதட்டைச் சற்றே முன்னால் தள்ளி
தாடைக்கு, கழுத்துக்கு, கீழே, இன்னும் கீழே
அதை அனுப்பப் பழகினேன். ஒரு வாரம் பிடித்தது.
இதில் ஒரே கஷ்டம், பேசக்கூடாது.
பேசினால் பனி. சிரித்தால் அடைமழை.
சாக்கம்மா மாமியார் கதையைத் தொடங்கினால்
பத்துப் பழம் கைதவறிப் போகும்.
வாயை மூடிக்கொண்டேன்.
சூப்பர்வைசர் திம்மராயனுக்கு என்னைப் பிடித்துப்போனது.
"இந்தம்மா மாதிரி இருங்க" என்றார் எல்லோரிடமும்.
அன்று முழுக்க சாக்கம்மா என் பக்கம் திரும்பவில்லை.

ஆனி கடைசியில் ஒருநாள் பெல்ட்டை நிறுத்தினார்.
வரத்து குறைஞ்சிருச்சு, கூலியில் நாற்பது ரூபாய் பிடிப்போம்,
போன வாரத்திலிருந்தே, என்றார்.
எல்லோரும் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
நான் ஒருமுறை நிமிர்ந்தேன்.
அவர் புருவத்தில் ஒரு துளி கூழ்,
சாயம் போட்ட மீசை,
எங்களைத் தலை தலையாக எண்ணும் கண்.
அத்தனை தெளிவாகப் பார்த்துவிட்டால்
யாருக்கும் வாய் வராது.

"போன வாரம் செஞ்ச வேலைக்கு
இந்த வாரம் எப்படிங்க பிடிப்பீங்க?"

முதல் சொல்லிலேயே மீசை போயிற்று.
கேள்வி முடிவதற்குள் கண்ணும் போயிற்று.
வெள்ளை.
நாகோஜனஹள்ளி ஏரிமேல் தை மாதத்து விடியல்போல
முழு வெள்ளை.
அதனிடம்தான் பேசினேன்.
கேட்டில் தாமதமென்று வெட்டிய அரைநாள்,
பஸ் காசு,
பூல்மணி கணக்கில் விட்டுப்போன இரண்டு ஞாயிறு.
துடைக்கக் கை எழுந்தது. விடவில்லை.

வாயை மூடியதும்
ஓரத்திலிருந்து மெல்லத் தெளிந்தது.
முதலில் பூல்மணியின் செருப்பு.
என்னை ஒட்டி, சாக்கம்மாவின் முழங்கை.
பிறகு அவர், குனிந்து நோட்டில்
ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.
நாற்பதா, என் பெயரா, தெரியவில்லை.
அவ்வளவு பொடி எழுத்துக்கு
இந்தக் கண்ணாடி எடுக்காது.