லெந்து மூன்றாம் ஞாயிறு, சி ஆண்டு

மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் அத்திமரம்
இந்த மார்ச்சிலும் வந்துவிட்டது.
அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தேன்:
லூக்கா பதின்மூன்று, ஒன்று முதல் ஒன்பது.
போன தடவைப் பிரசங்கம்
இன்னும் கணினியில் கிடக்கிறது,
தலைப்பு, 'இன்னும் ஒரு வருடம்'.

திறக்கவில்லை. என்ன எழுதினேன் என்று தெரியும்.
சொந்தக்காரன் பிதா, தோட்டக்காரன் குமாரன்,
மரம் நாம், எரு உபவாசம்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி,
ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சட்டை.
தண்டெனோங்கில், குக் தீவுச் சபையார் பாடிவிட்டுப் போன
வெக்கை ஆறாத மண்டபத்தில்,
மூன்று மணி ஆராதனையில்,
கைகளை விரித்துக் கேட்டேன்:
இன்னும் ஒரு வருடம், இதைவிடக் கிருபை உண்டா?

தேநீர் நேரத்தில் றெக்சன் வந்தான்.
கோழி வெட்டும் ஆலையில் இரவு வேலை,
விரல் நுனியெல்லாம் ஊறி வெளிறியிருந்தது.
"அக்கா, உங்கட தோட்டக்காரன் என்ர லோயர் மாதிரி.
ஒவ்வொரு வருசமும் இன்னும் ஒரு வருசம்
கேட்டு வாங்கித் தாறார்.
எருவும் போடுறார், பில்லும் போடுறார்."
சிரித்தான். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தான்.
உடைந்து விழுந்ததைக் கரண்டியால் தேடி எடுத்தான்.

பிரிட்ஜிங் விசா.
பாலம் என்று பெயர். பன்னிரண்டு வருடமாய்
அதன்மேல் நிற்கிறான்,
அக்கரையை யாரோ இழுத்துக்கொண்டே போகிறார்கள்.
மன்னாரில் மகள் பெரியபிள்ளையானதை
போன் திரையில் பார்த்தான்.

இப்போது மறுபடி அந்த மரம்.
விளக்கவுரை எழுதியவர்கள்
பூமியின் வடபாதியில் உட்கார்ந்து
லெந்து என்றால் துளிர் என்கிறார்கள்.
இங்கே இலை உதிர்கிறது.
பக்கத்து வீட்டு பெசிமின் அத்தியோ
வலைக்குள் பழுத்து வெடிக்கிறது.
வேலிக்கு மேலால் ஒரு வாளி நீட்டினார்.
எத்தனை வருடத்து மரம் என்றேன்.
"யார் எண்ணினது?" என்றார்.

பழம் பிளந்த கையோடு வாசித்தேன்,
தாளில் சாறு ஒட்டியது.
அப்போதுதான் கண்டேன்:
போன தடவை ஆறாம் வசனத்தில் தொடங்கியிருக்கிறேன்.
முதல் ஐந்தையும் தாண்டிக் குதித்திருக்கிறேன்,
புதுச் சப்பாத்துப் போட்ட பிள்ளை சேற்றைத் தாண்டுவதுபோல.
அந்த ஐந்தில்தான்
பலியோடு பலியாய் வெட்டுண்ட கலிலேயர்.
அதில்தான் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர்.
மற்றவர்களைவிட அவர்கள் பாவிகளோ என்ற கேள்வி.
இல்லை என்ற ஒற்றைச் சொல்.
கோயிலுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் மேல்
செல் விழுந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் முன்னால்
அந்த 'இல்லை'யை
வாசிக்காமல் விட்டிருக்கிறேன்.
அதற்குப் பின்னால் வரும் 'மனந்திரும்பு'
யாருக்கு என்று நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று.
சொந்தக்காரன் கடைசியில் என்ன சொன்னான்?
லூக்கா எழுதவில்லை.
தோட்டக்காரனின் குரலோடு கதை நின்றுபோகிறது,
மண்வெட்டி இன்னும் கையில்.
பிதா என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் நான்.
ஒருவேளை அவன் வெறும் சொந்தக்காரன்தானோ,
கான்பராவில் கோப்பு வைத்திருப்பவனைப் போல,
மூன்று வருடமும் வந்து பார்த்து
ஒருநாளும் மண்ணைத் தொடாதவன்?
இதையும் ஆணியாய் அடித்துவிடாதே என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு. ஊதாத் துணி.
ஒன்றாம் வசனத்திலிருந்து வாசித்தேன்.
பின்வரிசையில் றெக்சன்,
வேலைக்குப் போகும் சப்பாத்தோடு, பாதித் தூக்கத்தில்.
'இல்லை' வந்தபோது நிமிர்ந்தானா தெரியாது,
எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.
பேசி முடித்து, மண்வெட்டியோடு அவனை அப்படியே விட்டு,
ஆமென் சொல்லாமல் நின்றேன்.
பக்கம் தவறிவிட்டேன் என்று நினைத்து
கீபோர்ட் பையன் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டான்.

தேநீர் மேசையில் பெசிமின் பழங்கள்.
றெக்சன் நான்கு எடுத்தான்,
மூன்றைப் பைக்குள் வைத்தான்.
"திங்கக்கிழமை லோயர் வரச்சொன்னவர்" என்றான்,
வாய் நிறையப் பழத்தோடு.